கார் நிற்க இடம் வேண்டும்

டாக்டரம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஆஸ்பத்திரியை இடித்தார்கள். கார் நிறுத்துவதற்காக. இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் அடுத்துக் கேட்பது, "அது சும்மாதானே கிடந்தது?" என்பதுதான். ஆமாம், சும்மாதான் கிடந்தது. அதற்குள் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம் என்பதைத் தவிர.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குள் திரும்பினால் இடது பக்கம் இருந்தது அது. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய மாடிக் கட்டடம். கீழே பிரசவ அறை, எட்டுக் கட்டில் போட்ட வார்டு, டாக்டரம்மாவின் கன்சல்டிங் ரூம். மேலே அவர் குடியிருந்தார். பின்பக்கம் கிணற்றடியை ஒட்டி ஓர் அறை. கத்தி, கத்தரிக்கோல், துணிகளையெல்லாம் வேகவைத்து எடுக்கும் அறை அது. எனக்குக் கல்யாணமானதும் டாக்டரம்மா கொதிகலனை வராந்தாவுக்கு மாற்றிவிட்டு, அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார். "நீ இங்கேயே இரு. ராத்திரியில ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டாம் பாரு" என்றார். அவர் தெற்கத்திக்காரர், கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அன்பாகப் பேசத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் அவருடைய அன்பு என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நர்ஸ் படிப்புப் படித்தவள் இல்லை. ரத்தத் துணி அலசும் வேலைக்குத்தான் பதினேழு வயதில் அங்கே போனேன். டாக்டரம்மா திட்டித் திட்டி மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஊர் என்னை நர்ஸம்மா என்றது. என் வயதுப் பெண்கள் நர்ஸக்கா என்றார்கள். கடைத்தெருவில் நடந்து போனால், இடுப்பில் இருக்கும் குழந்தையைக் காட்டி, "யாரு பாரு, உன்னைப் பொறந்தப்ப தூக்குனாங்களே, அவங்கதான்" என்பார்கள். குழந்தை என்னைப் பார்த்து அழும். ஊசி போட்டவளும் நான்தானே.

டாக்டரம்மா போனபிறகு ஆஸ்பத்திரி மூடிவிட்டது. முன்கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவருடைய தம்பி மகன் மெட்ராஸுக்கு எடுத்துப் போனார். போகும்போது, "சிஸ்டர், நீங்க பின்னாடி இருங்க, பில்டிங்குக்கு ஒரு ஆள் இருந்த மாதிரி இருக்கும்" என்றார். சிஸ்டர் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கட்டடத்துக்கு ஒரு நாய் இருந்த மாதிரி இருக்கும் என்றுதான் அவர் சொல்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

பூட்டிய பிறகும் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். முன்கதவைப் பார்த்துவிட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் வருவார்கள். நான் ரத்த அழுத்தம் பார்ப்பேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வேன். பிரசவத்துக்கு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். வலி முற்றிப்போய் வந்தவர்களை அனுப்ப முடியாமல் என் அறையிலேயே பெற்றெடுக்க வைத்ததும் உண்டு. காலிக் கட்டடம் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்களே, அந்தக் கட்டடம் இப்படித்தான் காலியாக இருந்தது.

பக்கத்து மனையில் கல்யாண மண்டபம் வந்தது. நெல் வியாபாரம் செய்தவர் ஒருவர் கட்டினார். நல்ல மனிதர் என்றுதான் பெயர். என்னைக் கண்டால் நின்று, "சௌக்கியமாம்மா" என்று கேட்பார். அவருடைய இரண்டாவது பேத்திக்கு முதல் குளியல் ஊற்றியவளும் நான்தான்.

மண்டபம் பெரியது. ஆனால் கார் நிறுத்த இடம் விடவில்லை. கட்டும்போது நம் ஊர்க் கல்யாணத்துக்குக் காரில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். அம்பாசிடர், ஃபியட், புதிதாக வந்த மாருதி வேன். தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். பஸ் நுழைய முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். கண்டக்டர் இறங்கி மண்டபத்துக்குள் போய்ச் சண்டை போடுவார். ஒருமுறை மாப்பிள்ளையே மாலையோடு வெளியே வந்து காரைத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று மே மாதம் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கதைக்கு வேண்டியது. அதற்குப் பிறகு கார்கள் வந்தன. மண்டபத்துக்கு அல்ல, அந்த இடத்தைப் பார்க்க. எங்கெங்கிருந்தோ, என்னென்னவோ எழுத்தில் நம்பர் எழுதிய கார்கள். கடைவாசலில், கோயில் தெருவில், எங்கள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டை ஒட்டி, எங்கே கிடைத்தாலும் நிறுத்தினார்கள். கார் நிற்க ஓர் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மண்டபத்துக்காரர் அந்த வாரங்களில் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

அதைக் கண்டுகொண்ட இன்னொருவர் என் வீட்டுக்காரர்.

அவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை செய்தவர். கம்பெனியைப் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று ஆரம்பத்தில் தினமும் போய் கேட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். நான் ஒரு மருந்துக் கடையில் நிற்கப் போவேன், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். அவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சே குறைந்துபோயிருந்தது. இந்தக் கார்கள் வந்த பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தார். டிரைவர்கள் பின்னால் எடுக்கத் திணறும்போது எழுந்து போய், "வா வா வா... ரைட்ல ஒடி... போதும்" என்று கை காட்டுவார். டிரைவர் தலையாட்டிவிட்டு ஒரு பீடி கொடுப்பார். சாயங்காலம் என்னிடம், "இன்னிக்கு ஒரு வண்டி வந்துச்சிமே, உள்ள ஏசி கீது" என்று குழந்தை மாதிரிச் சொல்வார். நானும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதம் டாக்டரம்மாவின் தம்பி மகன் வந்தார். கூட மண்டபத்துக்காரரும் வந்தார். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் தம்பி மகன் சொன்னார்.

"சிஸ்டர், பில்டிங்கை அங்கிளுக்கே கொடுத்துட்டோம். அவர் ஆடியில இடிச்சிடுவார். நீங்க அதுக்குள்ள வேற இடம் பார்த்துக்கணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "இடிச்சிட்டு இன்னா கட்டப் போறீங்க?" என்று மண்டபத்துக்காரரிடம் கேட்டேன். வேறு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் கட்டலம்மா. கார் வுடறதுக்குத்தான். ஆடியில கல்யாணம் கெடையாது. அந்த மாசத்துலயே முடிச்சிட்டா ஆவணிக்கு எடம் ரெடியாயிடும்" என்றார்.

"டாக்டரம்மா இந்த ரூம்பு எனக்குன்னு சொன்னாங்களே" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. பிச்சை கேட்கும் குரல்.

தம்பி மகன் மிகவும் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை மறுக்க மாட்டேன். "ஆன்ட்டி வாயால சொன்னது லீகலா நிக்காது சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்? உள்ள இருக்கிற சாமானெல்லாம் வேணா ஊர்க்காரங்க எடுத்துக்கட்டும். ஆன்ட்டி இருந்தா அதைத்தான் விரும்பியிருப்பாங்க."

டாக்டரம்மா எதை விரும்பியிருப்பார் என்று, வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வந்து போனவர் எனக்குச் சொன்னார்.

அவர்கள் போனபிறகு அழுதேன். வீட்டுக்காரர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. அவருக்கும் அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் வீடு வீடாகப் போனேன். இடிக்கக் கூடாது என்று பெண்கள் நாலு பேர் வந்து வாசலில் நின்றால் மண்டபத்துக்காரர் யோசிப்பார், தெருவில் கெட்ட பெயர் வேண்டாம் என்று பார்ப்பார் என்பது என் கணக்கு. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எதிர்ச் சாரியில் இட்லிக் கடை வைத்திருந்தவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். மூன்றாவது, கொடி சுற்றிப் பிறந்தது. டாக்டரம்மா வியர்த்துக் கொட்டப் போராடி எடுத்த பிள்ளை.

"எவன் வந்து இடிக்கறான்னு பாத்துடறேன்க்கா. கடப்பாரைய எம்மேல போட்டுட்டு அப்பறமா செவுத்துல போடட்டும்" என்றாள்.

"வருவதானே?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கற? நானு வராம வேற எவ வருவா?"

வந்தாள். எல்லோரும் வந்தார்கள். இடிப்பதற்கு முதல் நாள் தம்பி மகன் சாவியை அனுப்பி முன்கதவைத் திறந்துவிடச் சொல்லியிருந்தார். நான் மருந்துக் கடையிலிருந்து மத்தியானம் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். என் வயிறு குளிர்ந்தது. நடையை எட்டிப் போட்டேன். கிட்டே போனபிறகுதான் மாட்டுவண்டி ஒன்று நிற்பதையும், அதில் எங்கள் வார்டுக் கட்டில்கள் ஏறுவதையும் பார்த்தேன்.

தொட்டில், எனாமல் பேசின், திரைத்துணி, பச்சை ரப்பர் ஷீட், குழந்தையை எடைபோடும் தராசு, டாக்டரம்மாவின் சாய்வு நாற்காலி. ஒரு பெண் முட்டுக்கொடுக்கும் தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனாள். இட்லிக் கடைக்காரி நோயாளிகள் காத்திருக்கும் நீள பெஞ்சை ஒரு முனையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மறுமுனையில் அவள் புருஷன். என்னைப் பார்த்ததும் நின்றாள். பெஞ்சைக் கீழே வைக்கவில்லை.

"நானு எடுக்கலன்னா வேற எவளாவது எடுத்துகினு போயிடுவாக்கா. கடைக்கு ஒரு பெஞ்சு வோணும்னு கீது..." என்றாள்.

"எடுத்துகினு போ" என்றேன்.

"உனக்கு இன்னா வோணுமோ நீயும் எடுத்து வச்சிக்கோக்கா. அப்பறம் கெடைக்காது."

அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரசவ மேஜை மட்டும் அங்கே இல்லை. கனத்த இரும்பு மேஜை, நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். யார் எடுத்தது என்று கேட்டேன். மாட்டுவண்டிக்காரன், "காலைலயே உங்க வூட்டுக்காரருதான் பழைய இரும்புக் கடைக்கு ஏத்தி வுட்டாரு" என்றான்.

மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்காரர் மேஸ்திரியோடு பின்பக்கம் வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து கடப்பாரையும் சம்மட்டியுமாக ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். நான் அவரிடம் கடைசியாக ஒரு வார்த்தை கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே பேசினார்.

"எங்கம்மா பாத்துகிறீங்க வூடு?"

"குன்றத்தூர்ல. அங்க ஒரு கிளினிக்குல வேலை சொல்லி கீறாங்க."

"குன்றத்தூரா? அவ்ளோ தூரத்துலேர்ந்து உன் வூட்டுக்காரரு டூட்டிக்கு எப்படி வருவாரு?"

"இன்னா டூட்டி?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சங்கடப்பட்டார். "கார் பார்க்கிங்குக்கு ஒரு ஆள் வோணும்னு சொன்னேன். ஆனி மாசமே சரின்னுட்டாரே. உனக்குத் தெரியாதா?"

ஆட்கள் மொட்டை மாடியில் ஏறிவிட்டார்கள். முதல் அடி விழுந்தபோது நான் அறைக்குள் என் வீட்டுக்காரருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"எப்போ கேட்டாரு உன்னை?"

"அவங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு மின்னாடி."

"நானு வூடு வூடா போயி கெஞ்சிகினு வந்தேனே, அப்போ உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ வுட்டிருப்பியா?" என்றார். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்தது போல ஒரே மூச்சில் பேசினார். "இது நம்பள்துன்னு நெனச்சிகினு கீற நீ. நம்பள்து இல்லமே. எப்பவும் நம்பள்து இல்ல. நீ அழுதாலும் இடிப்பான், ஊரே வந்து நின்னாலும் இடிப்பான். இடிச்சப்பறம் அந்த எடத்துல காக்கிச் சட்டை போட்டுகினு எவனோ ஒருத்தன் நிக்கப் போறான். அது நானா இருந்துட்டுப் போறேன். ஒரு வருசமா உன் சம்பளத்துல துன்னுகினு கீறேன். அது எப்படிக் கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

கூரையிலிருந்து சுண்ணாம்புக் காரை எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. மகள் வாசலில் நின்று இருமினாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் நான் அவரை மன்னிக்கவில்லை. தப்பாகப் பேசியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகப் போயிருக்கும்.

இடிப்பதை ஒரு காலை முழுக்க இட்லிக் கடை ஓரத்தில் நின்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மாடி போன பிறகு தெருப்பக்கச் சுவரைத் தள்ளினார்கள். பிரசவ அறையின் உள்சுவர் தெருவுக்குத் தெரிந்தது. பச்சை டிஸ்டெம்பர், வலியில் பெண்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன ஜன்னல் கம்பி, பஞ்சு வைக்கும் மாடம். எத்தனையோ பேர் துணியில்லாமல் கிடந்து கத்திய அறை அது. ஆண் வாசனையே படாமல் டாக்டரம்மா காப்பாற்றிய அறை. இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து லாரிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். பெஞ்சு அதே பெஞ்சு.

தேக்கு உத்தரங்களை ஒரு லாரி எடுத்துப் போனது. செங்கல்லைச் சுத்தம் செய்து அடுக்கினார்கள். கிணற்றை இடிபாட்டாலேயே தூர்த்தார்கள். தரையைப் பெயர்க்கும் வேலை வந்தபோது மேஸ்திரி, பிரசவ அறையின் மொசைக் தரை கல் மாதிரி இருக்கிறது, அதைப் பெயர்ப்பது வீண் செலவு என்று சொல்லிவிட்டானாம். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் செம்மண் கொட்டி மட்டம் செய்தார்கள். மண்டபத்துக்காரரின் சொந்தக் கார் எப்போதும் அந்த மொசைக் மேல்தான் நின்றது. சேறு படாமல்.

குன்றத்தூரில் மலைக்கோயில் தெருவில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோனோம். நான் வேலை செய்த கிளினிக்கில் சளி, காய்ச்சல், சர்க்கரை இவைதான். பிரசவம் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் தினமும் காலையில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போனார். காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள். அதை அவரே துவைத்து அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். ஆளே மாறிவிட்டார். நிமிர்ந்து நடந்தார். மகளுக்குப் பண்டம் வாங்கி வந்தார். சாயங்காலம் வந்தால் எந்தக் கார் எங்கிருந்து வந்தது, எந்த டிரைவர் தன்னை அண்ணே என்று கூப்பிட்டான், ஒரே நேரத்தில் எத்தனை வண்டியை உள்ளே அடக்கினார் என்று சொல்வார். "டெட்ரிஸ்" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டை அடுக்கும் வீடியோ கேம் ஒன்றைச் சொல்கிறார்களே, அதைப் போலத்தான். ஓர் அங்குலம் வீணாக்காமல் அடுக்குவார். மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அவரோடு பேசாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. சோறு போடட்டுமா, குழம்பு வேணுமா, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா. இவ்வளவுதான் பேசினேன். அவரும் இதற்கு மேல் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு முகூர்த்த நாளில் இது நடந்தது.

ஒரகடத்துக்கு அந்தப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் எங்கள் ஆஸ்பத்திரியில்தான். டாக்டரம்மா செத்தது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நர்ஸம்மா பின்பக்கம் இருக்கிறாள், அவசரத்துக்குப் பார்ப்பாள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருக்கிறார்கள். இடித்தது தெரியாது.

மழையில் டிராக்டர் தெருவில் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் அதைக் கல்யாணத்துக்கு வந்த வண்டி என்று நினைத்திருக்கிறார். கிராமத்துச் சொந்தக்காரர்கள் அப்படித்தான் டிராக்டரில் வருவார்கள். டிரெய்லரை வாசலில் விட்டால் கார்கள் நுழைய முடியாது. அதனால் விசில் ஊதி, கை காட்டி, உள்ளே கடைசி மூலைக்கு அனுப்பியிருக்கிறார். டிராக்டர் ஓட்டி வந்தவன் ஆஸ்பத்திரி உள்ளே எங்கோ தள்ளி இருக்கிறது போலிருக்கிறது என்று போயிருக்கிறான். அதற்குப் பின்னாலேயே மெட்ராஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வரிசையாக வந்தன. அவற்றை ஓர் அங்குலம் வீணாக்காமல் அடுக்கினார். டிரைவர்கள் இறங்கிப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் மாமனார் மழையில் நனைந்துகொண்டே வந்து, "ஆஸ்பத்திரிக்கு எப்படிப்பா போவணும்?" என்று கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். சட்டையெல்லாம் செம்மண். முழங்கை தோலுரிந்திருந்தது. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விடுவதற்காக டிராக்டரை எடுக்கப் பார்த்தால் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. முன்னால் கார்கள். மண்டபத்துக்குள் ஓடி, பந்தியில் டிரைவர்களைத் தேடியிருக்கிறார். மேளச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். மற்ற கார்களைக் கதவைப் பிடித்துத் தள்ளித் தள்ளி நகர்த்தப் பார்த்திருக்கிறார். கியரில் விட்டுப் பூட்டிப் போயிருந்தார்கள், நகரவில்லை. முதல் காரின் சொந்தக்காரர் வந்து, பெயின்ட்டில் கீறல் விழுந்ததற்காக அவரை அறைந்தாராம்.

"அறைஞ்சானா?" என்று கேட்டேன்.

"அத்த வுடு" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டதை இட்லிக் கடைக்காரி பிறகு ஒரு நாள் குன்றத்தூர் கோயிலுக்கு வந்தபோது சொன்னாள். மாமனார் கத்திய சத்தம் கேட்டு அவள்தான் வெந்நீர் அண்டாவோடு ஓடியிருக்கிறாள். டிரெய்லரில் ஏறி, அந்தப் பெண்ணின் முதுகைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். சுற்றிலும் கார்களாக நின்றன, கார்க் கண்ணாடியிலெல்லாம் மழை வழிந்துகொண்டிருந்தது என்றாள். குழந்தை அவள் கையிலேயே வந்துவிட்டது. கொடி சுற்றியிருந்தது. அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எனக்கு எடுத்த மாதிரியேதாங்க்கா இருந்துச்சி. டாக்டரம்மா விரலை உள்ள வுட்டு இன்னாவோ பண்ணாங்களே, அத்த நானு பாத்தேனா? நானு கத்திகினு இல்ல கெடந்தேன்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். வழி கிடைத்து கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாயை மட்டும்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. காப்பாற்றினார்கள். அந்த ஒருமுறைதான் அவளைக் கட்டிப் பிடித்து நானும் அழுதேன். பெஞ்சை நான் மறக்கவில்லை. ஆனாலும் வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலத்துக்கே வருகிறேன். வீட்டுக்காரர் சொல்லி முடித்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றைத் தொடவில்லை. மகள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களைப்பு. கம்பெனி பூட்டிய நாளில்கூட அப்படி இல்லை. அவர் கையைப் பிடித்து, உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் அவர், "நீ இருந்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்மே" என்றார்.

"எங்க இருந்திருக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் தட்டிலேயே கை கழுவினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் இரண்டு கல்யாணம். விடிந்ததும் ஈரம் காயாத காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வேலையை விட்டுவிடு என்று நானும் சொல்லவில்லை. மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.